ஏழு பேரையும் தேடுங்கள்

2018-இல் மேற்கு லண்டனில் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் வீடு. அவருக்கு 86 வயது. குளிக்க உதவுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ஓட்ஸ் கஞ்சி வைப்பது, இவ்வளவுதான் வேலை. மனதுக்குள் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆச்சியின் கணப்படுப்புக்கு மேலே ஒரு படம் இருந்தது. விமானப்படைச் சீருடையில் ஒரு பையன். நெஞ்சில் ஒற்றைச் சிறகு, அதன் அடியில் சின்ன வட்டத்துக்குள் ஏ, ஜி என்று இரண்டு எழுத்து. ஏர் கன்னர், அதாவது விமானத் துப்பாக்கி வீரர். தூசி தட்டும்போது யார் என்று கேட்டேன். "அண்ணா. இருபது வயது. மிஸ்ஸிங்" என்றார்.

செத்துப்போனார் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் போனவர், 74 வருடம் கழித்தும் மிஸ்ஸிங்தான்.

எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. 2009 மே மாதத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலும் ஒரு படம் மாலை இல்லாமல் தொங்குகிறது. மாலை போட்டால் முடிவு சொன்னதாகிவிடும் என்று அம்மா விடுவதில்லை. ஊரில் தாய்மார் "காணாமல் போனவர்கள்" என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்கள்: அவர்களாகப் போகவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஆச்சியின் அண்ணன் கதை வேறு, அவர் தானே விரும்பிப் படையில் சேர்ந்தவர். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ராத்திரி வருகிற கேள்வி ஒன்றுதான்: எங்கே?

அந்தக் கேள்விக்காக நான் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். பெரும்பாலும் தப்பும் தவறுமாக. உங்கள் பக்கத்து வீட்டிலோ நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவரின் வீட்டிலோ இப்படி ஒரு படம் இருந்தால், நான் விழுந்த குழியில் நீங்கள் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகு. ஆச்சியின் அலுமாரியில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. அதை அவர் கட்டிலில் கவிழ்க்கப் போனபோது தடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பேசியில் படம் பிடித்தேன். எந்தக் கடிதம் எதற்குள் மடிந்திருந்தது என்பதும் ஒரு தகவல். கலைத்துவிட்டால் திரும்பி வராது. மேலே தந்தி. அடுத்தது ஸ்குவாட்ரன், அதாவது அவர் இருந்த விமானப் பிரிவின் தளபதி எழுதிய கடிதம். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று விமான அமைச்சகம் எழுதியது. பிறகு பறப்புப் பதிவுப் புத்தகம். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவது அங்கே வழக்கம். கடைசிப் பக்கம் முழுக்கச் சிவப்பு, கடைசி வரி மட்டும் வேறொருவர் கையெழுத்தில்.

அடியில் ஒரு பழுப்பு உறை. காணாமல் போனவர்களின் உடைமைகளை முகாமிலேயே ஒரு குழு எடுத்துப் பட்டியல் போட்டு, ஸ்லவ் பக்கத்தில் கோன்புரூக் என்ற இடத்திலிருந்த மத்தியக் கிடங்குக்கு அனுப்பும். அங்கிருந்துதான் வீட்டுக்கு வரும். இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பட்டியல் அந்த உறைக்குள் இருந்தது: காலர் பொத்தான், காலுறை, சவரக் கத்தி, கால்பந்துச் சப்பாத்து ஒரு சோடி, சாவி இரண்டு. சாவிகளும் அதே உறைக்குள். ஒன்று சைக்கிள் பூட்டுச் சாவி மாதிரிச் சின்னது. மற்றது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆச்சியின் அம்மா சாகும்வரை வீட்டிலிருந்த பூட்டு எல்லாவற்றிலும் அதைப் போட்டுப் பார்த்தாராம்.

அந்தத் தாள்களிலேயே பெறுமதியானது படை எண். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள் வருவார்கள். ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்காது. தந்தியில் இல்லாவிட்டால் கடிதங்களில் தேடுங்கள்.

எண் கிடைத்ததும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலுக்குப் போங்கள். இலவசம். அங்கே அவர் பெயருக்கு எதிரே ரன்னிமீட் நினைவகம், பலகை எண் இன்னது என்று இருந்தது. கல்லறை இல்லை என்பதை அவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலுமிருந்து பறந்து, உடல் கிடைக்காமல் போன 20,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. இன்னொன்று: இரவில் பறந்து போனவர்களின் இறந்த தேதி சிலருக்குக் கிளம்பிய நாளாகவும் சிலருக்கு மறுநாளாகவும் பதிவாகியிருக்கும். ஒரே விமானத்து ஆட்களுக்கே அப்படி இருப்பதுண்டு. இரண்டு தேதியிலும் தேடுங்கள். நான் ஒரு தேதியில் மட்டும் தேடி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

ஆச்சியின் அண்ணன் கிளம்பியது 1944 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. தந்தி வந்தது சனிக்கிழமை பின்னேரம். ஆச்சிக்கு அப்போது 12 வயது.

அன்று இரவு பெர்லினுக்கு 811 விமானங்கள் போயின, 72 திரும்பவில்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை பெர்லினுக்கு இவ்வளவு பெரிய அணியை அனுப்பியது அதுவே கடைசி. பலமான காற்றின் இரவு என்றே அதைச் சொல்வார்கள். வடக்கிலிருந்து மணிக்கு 100 மைலுக்கு மேல் காற்று. காற்றை அளந்து தளத்துக்கு அனுப்புவதற்கென்றே சில விமானங்களைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் அனுப்பிய எண்ணைத் தளத்தில் நம்பவில்லை. இவ்வளவு காற்றா என்று குறைத்து, குறைத்த எண்ணைத் திரும்பவும் ஒலிபரப்பினார்கள். அதை நம்பியவர்கள் போக வேண்டிய வழிக்கு வெகு தெற்கே தள்ளப்பட்டார்கள். திரும்பும் வழியில் பலர் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிப் பீரங்கிகளுக்கு மேலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு விமானம் எங்கே விழுந்திருக்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்க, அதைவிட மோசமான இரவு கிடையாது.

இதைப் படித்துவிட்டு நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஓர் இணையப் பக்கத்தில் அந்த ஸ்குவாட்ரனின், அண்ணனின் விமானத்துக்கிருந்த அதே அடையாள எழுத்துள்ள லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஜெர்மனியில் ஒரு கிராமத்துக்கு மேலே எரிந்து விழுந்தது, இன்ன இரவுப் போர்விமானி சுட்டது என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கே என்ற எழுத்து, ஸ்குவாட்ரன், எல்லாம் பொருந்தின. ஆச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எரிந்து என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த செவ்வாய் போனபோது, நாலு நாளாக நித்திரை இல்லை என்று இரவில் வரும் பிள்ளை சொன்னாள்.

அது அந்த விமானமே இல்லை. பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்து ஒரு விமானத்துக்கே சொந்தமானதல்ல. ஒன்று தொலைந்தால் புதிதாக வருவதற்கு அதே எழுத்தைப் பூசிவிடுவார்கள். நான் படித்தது ஜனவரியில் தொலைந்த கே. மாறாதது வால் பக்கம் சின்னதாக இருக்கும் தொடரெண்தான்: பெரும்பாலும் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம்; சிலவற்றில் ஓர் எழுத்து, நாலு இலக்கம். அது பொருந்தாமல் எதையும் நம்பாதீர்கள். நம்பினாலும் வாயைத் திறக்காதீர்கள். துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக எதையாவது சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

(2020-இல் ஹாலந்தின் மார்க்கர்மீர் ஏரியிலிருந்து ஒரு ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானத்தை வெளியே எடுத்தார்கள். தற்செயலாகக் கிடைத்த ஓர் உலோகத் துண்டில் தொடங்கிய தேடல் அது. அதைக்கூட முதலில் பிகே 710 என்று நினைத்திருந்தார்கள். பிறகுதான் 1943 மார்ச்சில் தொலைந்த பிகே 716 என்று தெரிந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கே அப்படி நடக்கும் என்றால் நான் எந்த மூலைக்கு?)

பிழையைத் திருத்தியது லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் நாளாந்த நடவடிக்கைப் பதிவேடு உண்டு. ஏர் 27 என்ற வரிசையில் கிடைக்கும். வீட்டிலிருந்து தரவிறக்கக் காசு. நேரில் போய் அங்குள்ள கணினியில் பார்த்தால் காசில்லை. விடுமுறை நாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். தட்டச்சில் அடித்த பக்கம். அந்த இரவு கிளம்பிய விமானங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தொடரெண், ஏழு பெயர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பிறகு இலக்குக்கு மேலே என்ன பார்த்தோம் என்று ஒரு பத்தி. அண்ணனின் விமானத்துக்குக் கிளம்பிய நேரம் மட்டும் இருந்தது. பத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி: கிளம்பிய பிறகு இதிலிருந்து எந்தச் செய்தியும் கேட்கவில்லை.

அவ்வளவுதானா என்று எனக்கு மனம் விட்டுப்போனது. ஆச்சிக்கு அப்படியில்லை. அந்த வரியை நாலைந்து முறை வாசிக்கச் சொன்னார். தளபதியின் கடிதத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது போலும். கடிதம் ஆறுதல் சொல்ல எழுதியது, இது யாருக்கும் ஆறுதல் சொல்ல எழுதியதல்ல.

அந்தப் பக்கத்தை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது: அங்கே ஏழு பெயர் இருக்கிறது, நான் ஒரே ஒருவரைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன்?

லங்காஸ்டரில் ஏழு பேர். விமானி, எஞ்சின் பொறுப்பாளர், வழிகாட்டி, குண்டு எறிபவர், வானொலிக்காரர், முதுகுக் கோபுரத்தில் ஒரு துப்பாக்கி வீரர், வாலில் ஒருவர். ஆச்சியின் அண்ணன் வால்காரர். நாலு பிரௌனிங் துப்பாக்கிகளுக்கு நடுவே, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மின்சாரத்தில் சூடாகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஏழெட்டு மணி நேரம் தனியே இருட்டைப் பார்த்தபடி வர வேண்டும். பாரசூட் கோபுரத்துக்குள் கொள்ளாது. பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கும். இதை ஆச்சியிடம் சொல்வதா என்று யோசித்தேன். ஏற்கெனவே சூடு பட்டவள் என்பதால் முதலில் கேட்டேன்: எவ்வளவு தெரிய வேண்டும் உங்களுக்கு? "எல்லாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒழுங்கு.

மற்ற ஆறு பேரையும் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் ரன்னிமீட்டில். ஆறாவது, வானொலிக்காரர், அவருக்கு ஒரு கல்லறை இருந்தது. ஹாலந்துக் கரையோரத்தில் ஒரு சின்ன ஊரின் பொதுக் கல்லறையில்.

திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு மின்னஞ்சல் எழுதினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் போட்டார். 1944 கோடையின் தொடக்கத்தில் கடல் கொண்டுவந்து போட்ட உடல் அது என்று ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறதாம். கல்லறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும், ஹாலந்து முழுக்கப் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே பூ வைப்பார்கள் என்றும் எழுதியிருந்தார்.

ஆக, ஜெர்மன் கிராமமும் இல்லை, பெர்லினும் இல்லை. அந்த லங்காஸ்டர் வீடு திரும்பும் வழியில், கடைசித் துண்டுக் கடலில்தான் போயிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஆச்சி மட்டும் கேட்டார்: "அப்படியென்றால் வீட்டைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தான்?" ஆமாம் என்றேன். வால்காரர் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ப்பக்கத்தை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போருக்குப் பிறகு விமானப்படையே காணாமல் போனவர்களைத் தேட ஒரு பிரிவு வைத்திருந்தது. அப்போது கணக்கில் வராமல் இருந்தவர்கள் சுமார் 42,000 பேர். காலரில் உள்ள சலவைக் குறி, மோதிரம், எஞ்சின் எண் என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆள் அடையாளம் கண்டார்கள். ஆளுக்கும் விமானத்துக்குமான இழப்புக் கோப்புகளைக் கியூவில் 1939-இலிருந்து வரிசையாகத் திறந்து வருகிறார்கள். ஆச்சி இருந்தவரை 1944 திறக்கவில்லை. தனிநபர் சேவைப் பதிவுகளுக்கு அப்போது பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பணம் கட்டி விண்ணப்பித்தோம். இப்போது அவையும் கியூவுக்கு மாறி வருகின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். லிங்கனில் உள்ள சர்வதேசக் குண்டுவீச்சுப் படை மையத்தின் இழப்புத் தரவுத்தளம் இன்னொரு நல்ல இடம். ஒருவர் பெயரைப் போட்டால் விமானம், தொடரெண், கூட இருந்தவர்கள் எல்லாம் வரும். இதை முதலிலேயே பார்த்திருந்தால் நான் கியூவுக்குச் சாப்பாடு கட்டியிருக்க வேண்டியதில்லை. அங்கேயே இரும்புச் சுவர்களில் 58,000-க்குச் சற்றுக் குறைவான பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டில் பதக்கம் இருந்து, குண்டுவீச்சுப் படைக்கென 2013-இல் வந்த பட்டி (பதக்க நாடாவில் மாட்டும் சின்னத் தகடு) இல்லாவிட்டால், நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். ஆச்சி வேண்டாம் என்றுவிட்டார். "அறுபத்தொன்பது வருடம் யோசித்தார்களா?"

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நான் குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் தங்கச்சியை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்து படுத்தவள். அந்தப் பதிவேட்டில் இலக்குக்கு மேலே நன்றாக எரிந்தது என்று திரும்பி வந்தவர்கள் எழுதியதை வாசித்தபோது, என் உடம்பு தானாகக் கீழே இருந்தவர்கள் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நாள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. ஏன் என்று ஆச்சி கேட்டபோது சொன்னேன். அவர் கோபிப்பார் என்று பயந்தேன். "கீழேயும் பன்னிரண்டு வயதில் ஒருத்தி இருந்திருப்பாள்" என்றார். தேநீர் ஆறிவிட்டது, வேறு போட்டுத் தா என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் பேசியது. குண்டுவீச்சுப் படையில் பறந்த 125,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள் என்ற கணக்கை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியாது.

2019 ஜூனில் ரன்னிமீட்டுக்குப் போனோம். அவரது மருமகன் காரில் கூட்டிப்போனார். இல்லாவிட்டால் எகம் ரயில் நிலையத்தில் இறங்கி மேடேற வேண்டும். கூப்பர்ஸ் ஹில் உச்சியில் நினைவகம், கீழே தேம்ஸ் நதியும் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்த புல்வெளியும். 1953-இல் திறந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி ஒடுக்கமான சன்னல்கள். சன்னல்களின் பக்கச் சுவர்களில், பாதி திறந்த புத்தகம் மாதிரி, பெயர்கள். முதலில் வருடம், பிறகு பதவி, பிறகு அகர வரிசை. பலகை எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், வெறுமனே போனால் தொலைந்துபோவீர்கள். 1944-க்கு மட்டும் எத்தனை சன்னல்!

பெயர் உயரத்தில் இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து எட்டவில்லை. ஆச்சி கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ தொடு" என்றார். தொட்டேன். வெயில் பட்டுக் கல் சூடாக இருந்தது. "எழுத்துப் பிழை இல்லையே?" இல்லை என்றேன். தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போகலாமா என்று மருமகன் இரண்டு முறை கேட்டார். "இன்னும் ஒன்று" என்றார் இரண்டு முறையும்.

அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கடலில் கிடைத்தவரின் கல்லறை, பூ வைக்கிற பிள்ளைகள், கல்லில் பெயர். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த மற்ற ஆறு பேரின்ரை வீட்டுக்காரரும் தேடியிருப்பினம், என்ன?" என்றார்.

அதை ஆச்சியிடம் சொன்னேன். அடுத்த வெள்ளி போனபோது மேசையில் ஒரு புதிய கோப்பு இருந்தது. நடுங்கும் கையால் ஏழு பிரிப்பான் அட்டைகளில் ஏழு பெயர் எழுதி வைத்திருந்தார். ஹாலந்துப் படத்தைப் பிரதி எடுத்து வானொலிக்காரரின் ஊர்த் தேவாலயத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து அவருடைய தங்கை மகள் கடிதம் போட்டாள். அவர்கள் வீட்டுக்குக் கல்லறை உண்டென்று தெரியும், ஆனால் யாரும் போனதில்லையாம். விமானியின் படம் அவர் படித்த பள்ளியில் கிடைத்தது. வழிகாட்டியின் குடும்பம் பதில் போடவில்லை. கேட்டுவிட்டோம், விட்டுவிட வேண்டியதுதான். நினைவில் வைப்பது எல்லாருக்கும் பிடித்த வேலை அல்ல.

2020 ஜனவரியில் ஆச்சி போய்விட்டார். சாவிகள் மருமகனிடம் இருக்கின்றன. கோப்பை என்னிடம் தந்துவிட்டார். கிடைப்பதை இன்றும் அதில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். முதுகுக் கோபுரத்தில் இருந்தவரின் பிரிவுதான் மிக மெலிசு. ஒரே ஒரு தாள்: பெயர், படை எண், பலகை எண், வயது 19.